வாசலுக்கு வந்த தண்ணீர்

ஆவணி 12, வியாழன்

எங்கள் நகரில் புதுச்சாலை போடுகிறார்கள். மழைத்தண்ணீர் வடிய அதற்கு அடியில் குழாய் பதிக்க இன்று இடம் குறித்தார்கள். வரைபடத்தில் அது தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தேங்குவது எங்கள் வாசலில்தான். போன ஐப்பசியில் பூஜை அறை வரைக்கும் வந்துவிட்டது.

இன்ஜினியரிடம் சொன்னேன். "கருவி வச்சுப் பாத்தாச்சும்மா, அந்தப் பக்கம்தான் பள்ளம்" என்றார்.

"வயல்ல மேடு பள்ளம் தெரியணும்னா நாங்க தண்ணி கட்டித்தான் பாப்போம், தம்பி. ரோடு வேலைக்கு வந்து நிக்குதே, அந்தத் தண்ணி லாரியைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "இன்ஜினியருக்கே பாடம் எடுக்கிறியா? உள்ள வா."

"இருக்கட்டும் சார், அதையும் பாத்துடுவோம்" என்று சிரித்தார் இன்ஜினியர்.

லாரித் தண்ணீர் முதலில் டிரான்ஸ்பார்மர் பக்கமே ஓடியது. தாயே, என் வீட்டுக்கு வாம்மா என்று மனதுக்குள் கும்பிட்டேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி எங்கள் கேட்டைத் தாண்டி, கோலத்தைக் கரைத்து, முதல் படியைத் தொட்டது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று என்னை இழுத்தவரே கத்தினார்.

"கோலம் போச்சேம்மா" என்றார் இன்ஜினியர்.

"போகட்டும். குழாய் எங்க வருது?"

அவர் எங்கள் கேட்டுக்கு நேரே சுண்ணாம்புக் கோடு போட்டார்.

வருடாவருடம் வராதே என்று வேண்டிக்கொண்டவள் இன்று வா என்று வேண்டியிருக்கிறேன். அம்பாளே குழம்பிப் போயிருப்பாள்.