இடது பக்கம் திரும்பவும்

என் அன்பு வாயாடிக்கு,

பேச்சை நிறுத்தி வைத்திருக்கும் உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், உன் கோபம் எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய செய்தியை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். "ஆபரேஷன் முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. டாக்டரே பேசச் சொல்லிட்டார். இன்னும் அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இனிமே அப்பா போனை எடுத்தா நான் வெச்சிடுவேன்" என்று நீ எழுதியிருந்ததை ஏற்ற இறக்கத்தோடு வேறு படித்தார். உன் கோபம் நியாயமானதுதான். வீடியோவில் வந்தால் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுகிறேன், கையை ஆட்டுகிறேன், சாப்பிட்டாயா என்று வாய்க்கு நேரே விரலைக் குவித்துக் காட்டுகிறேன். மற்றதெல்லாம் அப்பா வழியாக. அவரும் பாவம், நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலுத்துப்போய்விட்டார்.

இதற்கெல்லாம் பதிலைப் போனிலேயே தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. தபால் உன் கைக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் பத்து நாள் எனக்கு வேண்டும். நடந்தது நல்ல விஷயம், அதனால் பயப்படாமல் படி.

உன் அம்மா ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள்! சனி, ஞாயிறு இரண்டு நாளும் கத்தரிப் பெரியம்மாவோடும் குண்டூசிச் சித்தியோடும். நாங்கள் மூவரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அடித்த கூத்தெல்லாம் உனக்குத் தெரியும். குண்டூசி எழுதித் தருவாள், நான் மைக் முன்னால் உட்கார்ந்து படிப்பேன், கத்தரி டேப்பை வெட்டி ஒட்டுவாள். காகிதங்களைக் குண்டூசி குத்தியே கொடுத்ததால் ஒருத்திக்கு அந்தப் பெயர். ஆளும் அந்த அளவுதான். மற்றவள் தன் பெயர் டேப்பை வெட்டியதால் வந்தது என்பாள். நாக்கால் வந்தது என்று நாங்கள் சொல்வோம்.

போன ஊருக்கும் எங்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. நீ என் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அந்த ஊர் அரண்மனைக்காக ஒரு பதிவு செய்து கொடுத்தோம். பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு, அறை அறையாகக் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். இங்கேதான் ராஜா சாப்பிடுவார், இங்கேதான் ராணி தலை வாரிக்கொள்வார் என்று ஒன்றரை மணி நேரம் என் குரல்தான். வேடிக்கை என்னவென்றால், எங்களில் ஒருத்திகூட அந்த அரண்மனையைப் பார்த்ததில்லை. ஒரு வரைபடமும் பத்துப் பன்னிரண்டு புகைப்படங்களும்தான் கையில் இருந்தன. பார்க்காத தூணையெல்லாம் தடவிப் பார்த்தவள் மாதிரி வர்ணித்தேன். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். அந்த ஒருநாள் வர இருபத்தாறு வருஷம் பிடித்தது.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். என்னை யாரும் பேச வைக்கக் கூடாது. கழுத்தில் வழக்கமான துணியைச் சுற்றிக்கொண்டு, கைப்பையில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? "இன்னுமா அதை வெச்சிருப்பாங்க, எப்பவோ மாத்தியிருப்பாங்க" என்று குண்டூசி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். நானும் நம்பினேன்.

ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். கல் பாவிய தெருக்கள், ஒரு வண்டி போனால் எதிரே வருகிறவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். வீடுகளுக்கெல்லாம் பச்சை வண்ண ஜன்னல் கதவுகள். ஊர் நடுவே ஒரு ஆறு, அதன் மேல் மேடுதட்டிய ஒரு பழைய பாலம். நாங்கள் தங்கியது முந்நூறு வருஷத்து வீடாம். அறை வாசல் அவ்வளவு குட்டை. கத்தரி முதல் நாளே மூன்று முறை தலையை இடித்துக்கொண்டாள். குண்டூசிக்கு அந்தக் கவலையே இல்லை, ஆனால் கட்டில் இடுப்பு உயரம். முக்காலி போட்டு ஏறி, ஏறின பிறகுதான் விளக்கை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்து திரும்ப இறங்குவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சத்தம் வராமல்.

குழாய் பழுது பார்க்க ஆள் வந்துவிட்டார். மிச்சம் நாளைக்கு.

*

குழாய் சரியாகிவிட்டது. சமையலறையில் வெள்ளம் வடிந்தது. எங்கே விட்டேன்? அரண்மனை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளே போனோம். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். "வணக்கம். வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்" என்று ஒருத்தி பேசினாள். நான்தான்! அந்தக் குரலுக்கு ஒரு கவலையும் இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இரண்டாவது அறையில் அழுதும்விட்டேன். கத்தரி தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "ரொம்ப அழாதே, இந்த எடத்துல நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டே, நான்தான் மூச்சு விடற இடமெல்லாம் வெட்டிச் சரிபண்ணினேன்" என்றாள். அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்தாவது அறை முடிந்ததும், "இப்போது இடது பக்கம் திரும்பவும். ராஜாவின் கண்ணாடி மண்டபம் உங்களை வரவேற்கும்" என்றேன் காதுக்குள். மூன்று பேரும் சொல் பேச்சுக் கேட்டு இடது பக்கம் திரும்பினோம். ஒரு சின்ன அறை. கண்ணாடியும் இல்லை, மண்டபமும் இல்லை. ஒரு காவலர் மேஜை முன்னால் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைத் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "அந்தம்மா இடதுன்னு சொல்லிச்சா? வலது பக்கம் போங்க" என்றார்.

குண்டூசி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அந்த நிமிஷமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் காகிதத்தில் டீ கொட்டி ஒரு வார்த்தை அழிந்துபோயிருந்தது. டேப் ஓடிக்கொண்டிருந்ததால் நடுவில் கேட்க முடியாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிரே நின்ற குண்டூசியைப் பார்த்தேன். அவள் வலது கையைத் தூக்கினாள். எதிரே நிற்கிறவளின் வலது எனக்கு இடது பக்கம்தானே? இடது என்று படித்துவிட்டேன். கத்தரி அதை அழகாக ஒட்டியும் கொடுத்துவிட்டாள். ஆக, மூன்று பேர் சேர்ந்து ஒரு அரண்மனையையே திருப்பி வைத்திருக்கிறோம்.

கத்தரி சிரித்த சிரிப்பில் அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. பதினெட்டு வருஷமா இந்த அறையில உக்காந்திருக்கேன். ஒருநாளாவது முட்டையை முழுசா சாப்பிட்டிருக்கேனா? அம்பு போட்டுப் பலகை வெச்சோம், யார் பாக்கறா? காதுல சொல்றதைத்தான் கேக்கறாங்க. அந்தம்மா மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று பொரிந்தார். கத்தரி என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "கெடைச்சாச்சு, எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் நம்பவில்லை. "என்கிட்டயேவா? என் பொண்டாட்டி குரலைவிட இந்தக் குரலைத்தான் நான் அதிகமா கேட்டிருக்கேன். எங்க, பேசச் சொல்லுங்க" என்றார். நான் அவசரமாக நோட்டை எடுத்து, 'நான்தான், தவறு எங்களுடையது' என்று எழுதி நீட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சுவரில் இல்லாத ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், துரோகிகள்.

வேறு வழியில்லை. "நான்தாங்க அது. மன்னிச்சிடுங்க" என்றேன். துரு ஏறிய தாழ்ப்பாளை இழுத்த மாதிரி வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார். தொண்டையில் ஆபரேஷன் என்றேன். சரி, இப்போது பரிதாபப்படப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ, "அப்ப நீங்களே வாசல்ல நின்னு வலதுன்னு சொல்லுங்க, நான் இன்னிக்காவது முட்டையைத் தின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நின்றேன், கண்ணு! முதலில் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். "வலது பக்கம் போங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வலது பக்கம் போனார்கள். அவ்வளவுதான். யாரும் திடுக்கிடவில்லை, திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து ஒரு கும்பல். அதற்கு அடுத்து இன்னொன்று. ஒரு பெண் மட்டும் நின்று, "சளியா? வெந்நீர் குடிங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். அவர்கள் காதுக்குள் நான் இடது என்கிறேன், கண் முன்னால் நின்று வலது என்கிறேன். ஒவ்வொருவரும் முன்னால் நிற்கிற என்னைத்தான் நம்பினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை. உன் பெரியம்மாவும் சித்தியும் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் வாங்கிய ரொட்டியை இரண்டு பேராகத் தின்று தீர்த்தார்கள்.

கிளம்பும்போது குண்டூசி, அரண்மனை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த வரியை மாற்றச் சொல்கிறோம் என்றாள். அவர் பதறிவிட்டார். "ஐயையோ, அதெல்லாம் வேணாம். எல்லாரும் வலது பக்கமே போயிட்டா எங்கிட்ட யார் வருவா?" என்றார். அப்போதுதான் அந்த அறையைச் சரியாகப் பார்த்தேன். வழி தவறி வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச், குடிக்கத் தண்ணீர், சுவர் முழுக்க அவர் துடைத்து மாட்டிய பழைய சாவிகள். ஒவ்வொன்றும் எந்தக் கதவுடையது என்று எங்களுக்கும் சொன்னார். கண்ணாடி மண்டபத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டில் ஏறினோம். நூற்று நாற்பது படி. பாதியில் கத்தரி உட்கார்ந்து உயில் எழுதப் போவதாகச் சொன்னாள். திரும்பும்போது ரயிலில்தான் குண்டூசி உண்மையைக் கக்கினாள். போன மாதமே அரண்மனைக்குப் போன் செய்து, பழைய பதிவுதான் ஓடுகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் என்னைக் கூட்டிப் போயிருக்கிறாள். அவளை மூன்று மணி நேரம் திட்டினேன், வாயைத் திறந்து, முழு வாக்கியங்களில். ஊர் வந்து சேரும்போது கத்தரி காதைப் பொத்திக்கொண்டு, "உனக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் நம்பரைக் குடு, இன்னும் கொஞ்சம் பாக்கி வெச்சுட்டாரு" என்றாள்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஆறாவது நாள் நீ போன் செய்தாய். நீ அங்கே வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். எப்படி இருக்கேம்மா என்று கேட்டேன். நீ, "மாடி வீட்டு மாமாவா? அம்மா தூங்கறாங்களா மாமா? கொஞ்சம் அம்மாகிட்ட குடுங்களேன்" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு அப்பாவிடம் கொடுத்துத் திரும்பப் பேசச் சொன்னேன்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கே அன்றைக்கு அது என் குரலாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உன்னிடம் பேச வாயெடுத்தால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. ஊரில் யாருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று இப்போது தெரிகிறது. நீ ஒருத்தி போதும் எனக்கு.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, உன் வசதிப்படி எந்த நேரமானாலும் கூப்பிடு. அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிடுவேன். நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். போனில் ஒரு கரகரத்த குரல் 'சொல்லும்மா' என்று கேட்கும். எதையும் விசாரிக்காமல், எப்போதும் போல உன் கதையை ஆரம்பித்துவிடு. அது அம்மாதான்.

எப்போதும் உன்னுடைய,
அம்மா