இரண்டாம் வருடத்துப் பூ

சித்தூர்,
பங்குனி முதல் வாரம்.

அன்புள்ள பிரீத்திக்கு,

அத்தையின் ஆசிகள். முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஸ்ரீசிட்டி ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது வாயில் வைக்கும்படி இருக்கிறதா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் இதை ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான்.

உன் ஹாலிஹாக் செடி பூத்துவிட்டது. வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். என் பிள்ளை அருள் நம் இருவரையும் விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் பைக் பெட்டியில் கிடந்த விதைப் பொட்டலத்தை நீதானே எடுத்துப் பின்வாசலில் தூவினாய்? முதல் வருடம் முழுக்க வெறும் இலை. படத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனை நான் திட்டாத நாள் இல்லை. பிடுங்கிவிட்டு மிளகாய் வைக்கலாம் என்றேன், நீ விடவில்லை. இப்போது காம்பவுண்டு சுவருக்கு மேலே நிற்கிறது. வெண்டைப் பூவின் ஜாடைதான், ஆனால் கருஞ்சிவப்பு, உள்ளங்கை அகலம். காற்றில் சாயாமலிருக்க மூங்கில் நட்டு, என் பழைய சேலைக் கரையால் கட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரத்னம்மாவின் கூத்தைக் கேள். கோங்கூரா, அதுதான் புளிச்சகீரை, என்று நினைத்து அடி இலைகளைப் பறித்துப்போய்ப் பச்சடி அரைத்திருக்கிறாள். மறுநாள் வந்து, "ஏமக்கா, உங்கூட்டுக் கோங்கூராவுல புளிப்பே இல்லியே, நாக்கெல்லாம் நெருடிக்கினு கீதே" என்று என்னிடமே நியாயம் கேட்கிறாள். அருள் இருந்திருந்தால் அவளை ஒரு வாரம் ஓட்டியிருப்பான். சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

கூடவே முளைத்த இன்னொரு செடியைத் தொட்டியில் வைத்து உனக்கு அனுப்பப் பார்த்தேன். வேர் நேரே கீழே போயிருக்கிறது. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்து, கடைசியில் அறுந்துவிட்டது. செடி தலை சாய்ந்துவிட்டது, பாவம். அதனால் நிற்கிற செடியில் முதலில் பூத்தவை காயாகிக் காயும்வரை பொறுத்திருந்தேன். இந்த உறையில் தட்டையாக இருப்பவை அந்த விதைகள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு வேலை செய்கிற தீனா உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும், "எங்க அத்தைய உட்டுட்டு வரமாட்டேன்" என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். உன் ரூமில் இருக்கும் அகிலாவைத் திட்டாதே. பொங்கலுக்கு உன்னோடு வந்தபோது நான்தான் அவள் வாயைப் பிடுங்கினேன். இந்தச் சின்ன வயதில் எனக்குக் காவல் இருக்கவா உன்னை இந்த வீட்டுக்கு மருமகளாக அழைத்து வந்தோம்? கேட்டதும் கோபம்தான் வந்தது. நெஞ்சும் நிறைந்துபோனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீனாவிடம் சரி என்று சொல். நீங்கள் குடிபோகிற வீட்டில் ஒரு முழம் மண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். தீபாவளி கழித்து விதையைப் போடு. முதல் வருடம் இலைதான் வரும். பயப்படாதே, என்னைப் போல யாராவது பிடுங்கச் சொன்னாலும் பிடுங்காதே. பூத்ததும் கூப்பிடு, ஒரு வாரம் தங்குகிற மாதிரி வருகிறேன்.

உன் பெட்டியில் இருக்கும் அருளின் போட்டோவை என்ன செய்வது என்று குழம்பாதே. அடுத்த முறை வரும்போது இங்கே கொண்டுவந்து வைத்துவிடு. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இரு, தாயே.

உன் அத்தை,
கமலம்மா