சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்த கசெற்

சூரிச், 12.2.86

தவநேசன் மச்சான்,

சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கின்றன. நான் ஹோட்டல் வேலைக்குப் போகிறேன்.

ஞாயிறன்று மகளின் கடிதத்தை வாசித்து நான் அழுதபோது, அறைப் பெடியங்களுக்கு முன்னால் "ஆம்பிளையோ நீ? சீலை வாங்கித் தரட்டோ?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்தேன்.

மூன்று நாள் பொறுத்து இன்று பழி வாங்கிவிட்டேன். ஊரில் இருக்கும் உன் அம்மாவுக்கு, என் மாமிக்கு, அனுப்ப நீ உன் குரலில் இரண்டு கசெற் பதிந்தாய். "நல்ல சுகம், பனி வடிவு" என்று வீரம் கதைத்தது மேசையில் கிடக்கிறது. விம்மி விம்மி அழுதுவிட்டுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்ததைத் தபாலில் போட்டுவிட்டேன். மாமி தன் பிள்ளையின் உண்மைக் குரலைக் கேட்கட்டும். இனி யாருக்குச் சீலை வாங்குவாய் என்று பார்ப்போம்.

பி.கு.: கசெற்றின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. நீ தனியே அழுவதாக மாமி கவலைப்படுவா என்று, அதில் நானும் கொஞ்சம் அழுது வைத்திருக்கிறேன்.