பேர்கனில் நீங்கள் வைத்த பிரசங்கம்

குளிர் தொடங்கிவிட்டதென்று இன்று அலுமாரியைத் திறந்து தடித்த மேலங்கியை எடுத்தேன். பக்கத்தில் தொங்கிய உங்கள் வெள்ளைத் திருவுடையிலிருந்து தூபவாசம் வந்தது. மற்றப் பெண்களுக்கு இந்த இடத்தில் கண்ணீர் வரும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது. சென்ற வருடம் வைகாசியில் பேர்கனில் நீங்கள் அணிந்திருந்ததும் இதே உடைதான்.

வாரம் முழுக்க ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுவீர்கள். ஞாயிறென்றால் பீடத்தில் குருவுக்குத் துணையாகத் திருத்தொண்டராக நிற்பீர்கள். அந்தப் பட்டத்தை உங்களுக்குத் தருவதற்கு முன் ஆயர் என்னைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். மனைவி வேண்டாமென்றால் அது நடக்காது. நான் ஓம் என்றேன். கதவைத் தட்டியவரை வெளியில் நிறுத்தத் தெரியாத மனிதருக்கு ஏற்ற வேலை என்று நம்பித்தான் சொன்னேன்.

சென்ற வருடம் நோர்வேத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஒன்றுகூடல் பேர்கனில். பூசையில் பிரசங்கம் உங்களுக்கு, வேதாகமத்திலிருந்து முதல் வாசகம் மெற்றில்டாவுக்கு. அவளை வாசிக்கக் கேட்டதே நீங்கள்தான். அடித்த புருசனை விட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் வாடகைக்கு இருந்தவள். அவள் கோயிலுக்கு வந்தால் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். ரயிலில் எங்களுக்கு எதிரே இருந்து, வாசகத்தை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மலை ஏற ஏற, வைகாசியிலும் வெளியே பனி.

"அண்ணை, என்னை மாதிரி ஆக்கள் வாசிக்கலாமோ?" என்று கேட்டாள்.

"தாராளமா வாசிக்கலாம் பிள்ளை. திருச்சபை ஒரு தடையும் சொல்லேல்லை" என்றீர்கள். அவள் முகம் மலர்ந்ததை நாம் இருவரும்தானே பார்த்தோம்.

கோயில் வாசலில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் உங்களைத் தனியே கூட்டிப்போனார். மெற்றில்டாவின் புருசனுக்குக் கூட்டாளி அவர். நானும் பின்னாலேயே வந்தேன்.

"அண்ணை, அவ வாசிச்சா அவரின்ரை ஆக்கள் எழும்பிப் போயிடுவினம். கரைச்சல் வேண்டாம். நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ."

முடியாது என்று சொல்வீர்கள் என நின்றேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு போய் அவளிடம் சொன்னீர்கள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னீர்கள்! அந்தப் பக்குவத்தை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஓம் அண்ணை, பரவாயில்லை" என்று அவள் கடைசி வாங்கில் போய் இருந்தாள்.

அதன் பிறகும் உங்களால் பிரசங்கம் வைக்க முடிந்தது. இரக்கத்தைப் பற்றி. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். குழுத் தலைவரும் துடைத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது கடைசி வாங்கு வெறுமையாக இருந்தது. சாப்பாட்டுக்கும் நிற்காமல் அவள் தனியே ரயிலேறிவிட்டாள்.

திரும்பி வரும்போது நாம் இருவர் மட்டும்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"சனம் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ஒற்றுமை முக்கியமப்பா. பணிஞ்சு போறதுதான் என்ரை வேலை."

"பணியிறதெண்டால் நீங்கள் பணியுங்கோ. அவளை ஏன் பணிய வைச்சனீங்கள்?"

நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன்பின் வீட்டில் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், தேவைக்கு மட்டும் கதைத்தேன். தை மாதம், பேருந்தைத் தரிப்பிடத்தில் கொண்டுவந்து விட்ட கையோடு, சாரதி இருக்கையிலேயே உங்கள் மூச்சு நின்றது. எங்கள் சண்டை முடியவேயில்லை.

உங்கள் அடக்கத்துக்கு மெற்றில்டா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, பேர்கனாலை வந்த கிழமையே அண்ணை எங்கடை வீட்டுக்கு வந்தவர். வாசலிலை நிண்டு மன்னிப்புக் கேட்டவர். அழுதவர்."

"நீ என்ன சொன்னனி?"

"என்னை எல்லாருக்கும் தெரிய மறிச்சுப்போட்டு, ஏன் அண்ணை இஞ்சை ஆருமில்லாத இடத்திலை மன்னிப்புக் கேக்கிறியள் எண்டு கேட்டனான். அவர் அப்பிடியே திரும்பிப் படியிறங்கிப் போயிட்டார்."

நீங்கள் அழுததைக் கேட்டு என் கோபம் ஆறியிருக்க வேண்டும். கூடிற்று. ஏனப்பா எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உங்கள் கடைசி மாதங்களில் முகம் கொடுத்துக் கதைத்திருப்பேனே. தேத்தண்ணியை மேசையில் இடித்து வைக்காமல் கையில் தந்திருப்பேனே. பேசாமல் இருந்து இருந்து அதையும் என்னிடமிருந்து பறித்துவிட்டீர்கள்.

இந்த வருட ஒன்றுகூடல் ஒஸ்லோவில். உங்கள் நினைவாக நான் வாசகம் வாசிக்க வேண்டுமென்று அதே தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"மெற்றில்டா வாசிக்கட்டும். நான் முன்னுக்கு இருந்து கேக்கிறன்" என்றேன்.

"திருத்தொண்டரின்ரை மனிசி நீங்கள். இப்பிடிக் கதைக்கலாமோ?"

"அவரின்ரை மனிசி எண்டபடியாத்தான் கதைக்கிறன்."

அவர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். ஒன்றுகூடலன்று நானும் மெற்றில்டாவும் நோர்வேஜிய மொழிப் பூசைக்குப் போனோம். இப்போது ஞாயிறுதோறும் அங்கேதான். பிரசங்கத்தில் பாதி எனக்கு விளங்குவதில்லை. அவள் காதுக்குள் சொல்லித் தருகிறாள். தமிழ்ப் பூசைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களிடம், நடுக்கடையில் நின்றாலும், காரணத்தைச் சத்தமாகவே சொல்கிறேன்.

"எனக்காகச் செபியும்" என்று பீடத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். செபிக்கிறேன். ஆனால் செபமாலையைக் கையில் எடுத்ததும் முதலில் உங்களைத் திட்டத் தொடங்கிவிடுகிறேன். சில நாட்களில் திட்டி முடியவே நேரம் சரியாகிவிடுகிறது. செபம் அடுத்த நாளுக்குப் போகிறது.