‘மட்டம்’ என்றால் ஐந்து

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை.

ஆபீசில் புது வேலை. ஆன்லைனில் வீட்டுச் சாமான் வாங்கினவர்கள் எழுதுவதைப் படித்து, பாராட்டா திட்டா, திட்டு என்றால் எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஐந்து என்றால் படுமோசம். சரியில்லாத சாமானைத் தமிழில் எப்படியெல்லாம் சொல்வார்கள், எதற்கு எத்தனை எண் என்று வெள்ளிக்குள் பட்டியல் வேண்டும் என்கிறார் ரவி சார். அதைப் பார்த்துத்தான் தமிழ்ப் பிரிவுக்கு ஹெட் போடுவாராம்.

பிரிவில் இருப்பதே இரண்டு பேர். நான் ஒன்பது வருஷம். பூங்கொடி, தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து வந்து நாலு மாதம். இதில் போட்டி வேறு.

என் பட்டியல், இதுவரை:
சுமார் – 2. ஆனால் ‘ரொம்ப சுமார்’ – 4.
மொக்கை – காலேஜ் பிள்ளைகள் எழுதினால் 2.
ஓட்டை – மிக்ஸிக்கு வசவு. குடத்துக்கு நிஜமான ஓட்டை.
குப்பை – 5. சந்தேகமில்லை.
பரவாயில்லை – ???

ஜூன் 10, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காபி. நாளே அப்படித்தான் போனது.

ஒரு தோசைக்கல்லுக்கு, ‘சல்லிசா இருக்கு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். லேசான, தரமில்லாத கல் என்று நினைத்து 3 போட்டேன். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பூ. சொன்னாள்: “அக்கா, சல்லிசுன்னா வெல கொறச்சல்னுங்க. சந்தோசமாத்தான் எழுதியிருக்காங்க.”

மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

ரவி சாருக்கு ஒரே மகிழ்ச்சி. பூங்கொடியுடையது ஒரிஜினல் தமிழ், மேடத்துடையது மைசூர் தமிழ் என்றார். சிரிப்பு. நானும் சிரித்தேன். சர்ச் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக் கற்ற தமிழ் என்னுடையது. அவளுக்கு அது சும்மா வாயில் வருகிறது.

ஜூன் 11, புதன்

வெயில். போர்வை துவைத்தேன்.

நேற்று பூ. எல்லோருக்கும் எள்ளுருண்டை கொடுத்தாள். என் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் ஒன்றை வாயில் போட்டு, “நல்லாருக்கே, யார் செஞ்சது?” என்றார். இருபத்திரண்டு வருஷமாக என் பிரியாணிக்குக் கிடைப்பது ‘பரவாயில்ல’. சொல்லாமல் சாப்பிட்டாலும் பரவாயில்லை.

மீதி உருண்டைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நானும் ஒன்று தின்றுவிட்டுத்தான். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மழை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

பூ. போடும் எண்களைச் சரிபார்ப்பது நான். கொள்ளேகாலில் ஒருவர் செய்து விற்கும் மடக்கு மேசை. இங்கே குவெம்பு நகரில் அதை வாங்கின ஒரு அம்மா எழுதிய வரி: ‘நாலு காலும் மட்டமா இருக்கு.’ பூ. போட்டது 5. அவள் ஊரில் மட்டமான சாமான் என்றால் கழித்துக் கட்டவேண்டியது. ஆனால் மைசூரில் நாங்கள் கன்னடத்தோடு வளர்ந்தவர்கள். மட்டமா என்றால் ஏற்ற இறக்கமில்லாமல், சமமாக. அந்த வரி பாராட்டு. பார்த்த உடனே தெரிந்தது.

மூன்று ஐந்து விழுந்தால் அந்தச் சாமானை விற்பனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இது மூன்றாவது. அதுவும் தெரியும்.

சரி என்று அமுக்கினேன். தப்பு அவள் பெயரில் ஏறட்டும் என்று.

டீ குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஜூன் 13, வெள்ளி

பட்டியல் கொடுத்தாயிற்று. என்னுடையது நாற்பத்தொரு சொல். அவளுடையது அறுபதுக்கு மேல்.

பதினோரு மணிக்கு மேசைக்காரர் போன். பூ. எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவர் சண்டை போடவில்லை. “எந்தக் காலு மட்டம்னு சொல்லுங்கம்மா, நாளைக்கே மாத்திக் குடுத்தர்றேன்” என்று திரும்பத் திரும்ப.

பூ. உடனே குவெம்பு நகர் அம்மாவுக்குப் போன் செய்தாள். மேசை ஆடாமல் நிற்கிறது, நல்லது என்றுதானே எழுதினேன் என்றார் அந்த அம்மா. பூ.வின் முகம் வெளுத்தது. நேரே ரவி சார் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். என் பெயரை எடுக்கவே இல்லை. மாலைக்குள் மேசை திரும்ப விற்பனைக்கு வந்தது.

ரவி சார் என்னிடம், செக் பண்ணியது நீங்கள்தானே என்றார். கவனிக்கவில்லை என்றேன். நம்பினார்.

ஐந்து மணிக்கு அறிவிப்பு. ஹெட் நான்.

கிளம்பும்போது பூ. பக்கத்தில் வந்தாள். “சந்தோசம்க்கா. நேத்து அவசரத்துல பாத்திருப்பீங்க. இல்லைன்னா உங்களுக்குத் தெரியாததா?”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அப்படி நம்பிக்கொண்டு நின்றது தாங்கவில்லை.

“அவசரமெல்லாம் இல்ல பூங்கொடி. தெரிஞ்சுதான் விட்டேன்.”

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். “அந்த மேசக்கார மனுசன் என்னக்கா பண்ணாரு?” என்றாள். ஊருக்குப் பஸ் இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

சனி, ஞாயிறு சரியாகச் சாப்பிடவில்லை. இன்று முதல் வேலையாக ரவி சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பதவியைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தார். “ஆயித்து மேடம். இனிமே நோடி மாடுங்க,” என்றார். முடிந்தது முடிந்தது, இனிமேல் பார்த்துச் செய்யுங்கள் – அவ்வளவுதான். இன்னொரு ஹெட்டைத் தேட அவருக்கு நேரமில்லை போல.

பூ.வின் நாற்காலி காலி. லீவா என்று விசாரித்தேன். லீவு இல்லை, மேல் மாடியில் கன்னடப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாளாம். காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டாளாம்.

மன்னிப்புக் கேட்க மதியம் மேலே போனேன். அவளைச் சுற்றி நாலு பேர். கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். என் கன்னடத்தைவிடச் சுத்தமாகப் பேசினாள். பழையபடி வயிறு எரிந்தது. மன்னிப்புக் கேட்காமலே இறங்கி வந்துவிட்டேன்.