தகர டப்பாவில் விழுந்த பட்டன்கள்

மார்ச் 4, திங்கள்

எங்கள் தையல் கம்பெனிக்குள் இன்று ஒரு தகர டப்பா வந்து உட்கார்ந்தது. மூடியில் நீளமாக ஓட்டை. வைத்தவர் இஸ்திரி அண்ணன். வருஷக்கணக்காக ஆவிக்குள் நின்று நின்று பேச்சே வற்றிப்போன மனுஷன். கடலுக்கு அந்தப் பக்கம் பூமி குலுங்கி ஊரே இடிந்துபோனதாம். அவர்களுக்குக் காசு சேர்க்கவாம்.

"அங்க யாருண்ணே இருக்கா? சின்ன வீடா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரும் இல்லம்மா," என்றார். அவ்வளவுதான்.

முதலாளி இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். ஒரு குடும்பம் ஒண்டிக்கொள்ள ஒரு தார்ப்பாய். அதற்காவது சேரவேண்டுமாம்.

மார்ச் 6, புதன்

யாரும் போடவில்லை. நானும்தான். நம்ம கூரையே ஒழுகுது, கடல் தாண்டித் தார்ப்பாயா?

மார்ச் 7, வியாழன்

ஒரு வேடிக்கை கண்டுபிடித்தேன். டப்பாவில் 'டிங்' என்று கேட்டால் போதும், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தலையைத் தூக்கி, "நல்லா இரும்மா" என்கிறார். யாரோ சில்லறை போட்டபோது பார்த்தேன். நான் பட்டன் தைக்கிறவள், மேஜை முழுக்கப் பட்டன். ஒன்றை எடுத்துப் போட்டேன். டிங். "நல்லா இரும்மா."

காலர் தைக்கிற கொசு (வாய் ஓயாது, அதனால் நான் வைத்த பேர்) சிரிப்பை அடக்க வெட்டுத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள். சாயந்திரத்துக்குள் ஆளுக்கு ஒரு பட்டன் என்னிடம் கேட்டு வாங்கிப்போனார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

இன்றைக்கு மட்டும் பதினோரு டிங். பதினோரு ஆசீர்வாதம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 16, சனி

எழுதணுமா? எழுதுறேன்.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி அண்ணன் டப்பாவைத் தன் மேஜையில் கவிழ்த்தார். சடசடவென்று பட்டன். நாலைந்து சில்லறை. கூடவே இரண்டு நோட்டு. ஒரு சுருக்கம் இல்லை, இஸ்திரி போட்ட நோட்டு. யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு கிண்டல் வந்து காப்பாத்தும்னு பாத்தேன். வரலை.

அவர் திட்டவில்லை. பெரிசு, சிறிசு, இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை என்று பிரித்து, என் மேஜைக்கே கொண்டுவந்து அதது கிண்ணத்தில் போட்டார். "கம்பெனி சாமான்மா. குறைஞ்சா உன்னத்தான் கேப்பாங்க."

இதுக்கு அவர் செருப்பால அடிச்சிருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

பட்டன் கதையை வீட்டுக்காரரிடம் சொன்னேன், வெக்கமா இருக்குன்னு. "நீயா? வெக்கமா? நல்ல கூத்து!" என்று சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவள் அழுதால் எவன் நம்புவான்?

மார்ச் 18, திங்கள்

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "மொத பட்டன் போட்டது நான்தான். தப்பு."

"இப்ப அழுவா பாருங்கடி!" என்றாள் கொசு. கைதட்டினார்கள்.

நேரே அண்ணனிடம் போனேன். "டப்பாவ மறுபடி வைங்கண்ணே."

"வேணாம்மா. இன்னொரு தடவை நிமிந்து பாக்க எனக்குத் தெம்பில்ல."

மார்ச் 19, செவ்வாய்

முதலாளியிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினேன். முந்தானையில் முடிந்து கசங்கிப்போன நோட்டு ஒன்றை அண்ணனிடம் நீட்டினேன். "இதுக்கு ஒரு இஸ்திரி போட்டுக் குடுங்க."

கிண்டல் என்று நினைத்தாரோ என்னவோ, என் முகத்தையே பார்த்தார். அப்புறம் நோட்டின் மேல் ஒரு துணியை விரித்து, மெதுவாகத் தேய்த்துக் கொடுத்தார். அதை டப்பாவில் போட்டு, டப்பாவை என் மேஜைக்குத் தூக்கி வந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

இரண்டு நாளாக ஒன்றும் விழவில்லை. இன்று, டிங்.

குனிந்த தலை நிமிராமலே தெரிந்துவிட்டது. பட்டன். காசு இப்படியா விழும்? காசுக்குக் கனம் உண்டே. காது உள்ள யாருக்கும் தெரியும்.

யாருக்கும்.

ஊசி கையோடு நின்றுவிட்டது. அப்போ அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்குமே? அத்தனை தடவையும்?

கொசு எதிரில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினேன்.

"நல்லா இரும்மா," என்றேன்.