கடைசி மூன்று

கட்டைவிரல் நகத்தடியில் நீலப் பெயின்ற் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். சோற்றைப் பிசையும்போதுகூட மணக்கிறது. உன் தம்பியின் வள்ளத்துப் பெயின்ற்.

யாழ்ப்பாண வளாகத்தடித் திருநெல்வேலித் தேநீர்க் கடையில் நாம் இருவரும் துரத்திய எண் உனக்கு மறந்திருக்காது. முதலில் 7. பிறகு 73, 739, 7393 என்று வலப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாகச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் அது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதாலும் வகுபடாத முதன்மை எண்ணாகவே இருக்கவேண்டும். கணினியைத் தொடக்கூடாது என்பது உன் சட்டம். 7393913 வரை வந்துவிட்டோம். அதன் பின்னால் ஒரு 3 போட்டு வகுத்த நான், ஏழால் வகுபடுகிறது, இத்தோடு முடிந்தது என்று அறிவித்தேன். நீ தாளைப் பறித்து வகுத்தாய். மீதி இரண்டு.

"ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவனெல்லாம் சிறப்புக் கணிதம் படிக்கிறானடா!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினாய். அன்றிலிருந்து வளாகத்தில் நான் 'ஏழர்'. அன்று சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன்னுடையது முதலாவது.

அதோடு உன்னுடன் கதைப்பதை விட்டேன். பட்டம் பெற்று, வேலைக்குப் போய், தலை நரைத்த பிறகும் கதைக்கவில்லை. நோயில் கிடந்தபோது என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாய். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. என் சண்டிலிப்பாயிலிருந்து உன் குருநகர் என்ன பெரிய தூரமா? உன் செத்த வீட்டுக்கு வந்தும் வாசல் படலையோடு திரும்பிவிட்டேன்.

உங்கள் வேதக்கோயில் திருநாள் வருகிறது, வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்து என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிப்போனான். வள்ளத்தின் முன்பக்கத்தில் உன் கையெழுத்தில் 7393913. பக்கத்தில் ஓர் இலக்கத்துக்கு மட்டும் இடம் வெறுமையாக.

"வள்ளத்தை ஆசீர்வதிக்க வாற சுவாமியார் ஒவ்வொரு வருசமும் கேப்பார், உது என்ன நம்பர் எண்டு. 'இன்னும் முடியேல்லை ஃபாதர், முடிக்கிற ஆள் வரவேணும்' எண்டுவார் அண்ணை."

"நீ எழுதியிருக்கலாமே?"

"எழுத விட்டவரே? 'அவன் பிழைவிட்ட இடம், அவன்தான் திருத்தவேணும்' எண்டு பெயின்ற் பிறஷ்ஷைத் தொடவும் விடேல்லை." தலையைச் சொறிந்தான். "உங்களை ஏழர் எண்டுதான் சொல்லுவார். குறை நினையாதேங்கோ."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்த பிறகும் என் கணக்கைத் திருத்துகிறாயே என்று. பிறகுதான் பிறஷ்ஷை வாங்கி வெறுமையான இடத்தில் 3 போட்டேன். மூன்றின் வால் கோணலாகப் போய்விட்டது. 73939133.

"இதுக்குப் பிறகும் நம்பர் வருமோ, அண்ணை?"

"இல்லை. இனி எதைச் சேர்த்தாலும் வகுபட்டுப்போகும். இதோடை சரி."

அவன் பெயின்ற் டின்னை மூடினான். அவ்வளவுதான் வேலை. நீ கட்டிலில் கிடந்து கூப்பிட்டபோது வந்திருந்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். கோணல் வாலைப் பார்த்து நீ சிரித்திருப்பாய், நானும் அதைத் தாங்கியிருப்பேன்.

மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டேன். நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை இந்த நீலம் இருக்கட்டும்.